முனி வளைவில் அமராவதி

மலைச் சரிவில் சைக்கிளில் இறங்கும்போது உங்கள் வலது கை எங்கே இருக்கிறது? ஹேண்டில்பாரில்தான் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். சரிவின் நடுவே ஒரு கோயில் வந்தால்?

கடலூரை ஒட்டிய கேப்பர் மலையின் மேல் இருக்கிறது கொல்லைமேடு. அந்த ஊரில் 2008ஆம் ஆண்டு வரை இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. கேட்டவர் அமராவதி. சத்துணவுக்கூடத்தில் சமையல் உதவியாளர். அவர் நாத்திகர் அல்லர், இயக்கம் எதிலும் இல்லை. ஆடி மாதம் தவறாமல் கூழ் ஊற்றுகிறவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தக் கதையைப் பகுத்தறிவு இயக்கத்துக்காரர்களான நாங்கள் எங்கள் வெற்றியாக எழுதிக்கொள்வோம்.

கேப்பர் மலையை மலை என்று சொன்னால் சேலத்துக்காரர்கள் சிரிப்பார்கள். செம்புறாங்கல் மேடு, அவ்வளவுதான். மேலே நின்றால் கீழே கெடிலம் ஆறு வளைந்து போவது தெரியும். அதன் இரு கரையிலும் கரும்பு. கிழக்கே நகரத்தின் தண்ணீர்த் தொட்டிகள், வெயில் தெளிவாக இருந்தால் அவற்றுக்குப் பின்னால் ஒரு கோடாகக் கடல். சைக்கிள்காரருக்கு இந்த உயரம் போதும். கழுத்து முறிய இதற்கு மேல் தேவையில்லை.

கொல்லைமேட்டிலிருந்து நகரத்துக்கு இரண்டு வழி. ஆற்றங்கரைப் பாதை மேற்கே சுற்றிக்கொண்டு மெல்லச் சரிந்து, கெடிலத்தின் கரையைப் பிடித்துக் கிழக்கே திரும்புகிறது. ஒரு பக்கம் நாணல், மறு பக்கம் கரும்பு, தண்ணீர் இருக்கிற மாதங்களில் கொக்குகள். ஞாயிற்றுக்கிழமைகளில் தொப்பி போட்டுக்கொண்டு சைக்கிளில் சுற்றுகிறவர்கள் இந்த வழியைத்தான் புகழ்வார்கள். காலை மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடம் போய்ச் சேர வேண்டிய பெண்ணுக்கு அந்த அழகு உதவாது. தூரம் இரண்டு மடங்குக்கு மேல். மணல் லாரி எதிரே வந்தால் ஒதுங்க இடமில்லை. மழை வலுத்தால் தரைப்பாலம் முழுகிப்போகும்.

மலைப்பாதை அப்படி இல்லை. முந்திரித் தோப்பைக் கடந்து நேராகக் கீழே விழுந்து பாலத்தில் சேர்த்துவிடும். நடுவே ஒரே ஒரு வளைவு. வளைவுக்கு வெளியே, செம்புறாங்கல் வெட்டி எடுத்துவிட்டு மூடாமல் போன பள்ளம். உள்பக்கம் வேப்பமரத்தடியில் முனி. ஆளுயர வேல், பெரிய வெள்ளைக் கண், சிவப்பு நாக்கு. கல் ஏற்றிய லாரிகள் சிந்திய சரளை எப்போதும் சாலையில் உருண்டு கிடக்கும்.

அங்கே ஆட்கள் விழுந்துகொண்டே இருந்தார்கள். மேஸ்திரி ஒருவர் பள்ளத்துக்குள் போய் உயிரே விட்டார். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் வேலில் எலுமிச்சம்பழம் கூடியது. கும்பிடு கூடியது. கும்பிடாமல் அந்த இடத்தைத் தாண்ட ஊரில் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

கும்பிட்டும் விழுந்தவனுக்கு மனசு சுத்தமில்லை என்றார்கள். விழாமல் போனவனை முனி காப்பாற்றினார் என்றார்கள். எப்படிப் போனாலும் தோற்காத வாதம் இது. இந்த மாதிரி வாதத்தை எங்கே கேட்டாலும் நான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

அமராவதி பிறந்தது சேத்தியாத்தோப்பு. வெள்ளாற்றுக் கரையில் அண்ணன்மாரோடு குரங்குப் பெடல் போட்டுச் சைக்கிள் பழகியவர். திருமணமாகிக் கொல்லைமேட்டுக்கு வந்தார். கணவர் வைத்திலிங்கம் கேரளத்துக்கு லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். வீட்டில் சும்மா நின்ற அவருடைய ஆம்பளை சைக்கிளை எடுத்துக்கொண்டு அமராவதி மலையடிவாரப் பள்ளிக்குச் சமைக்கப் போய்வந்தார். அதன் பிரேக் சரியில்லை. அதனால் முனி வளைவுக்கு முன்பே இறங்கி, தள்ளிக்கொண்டு போய், நின்று கும்பிட்டுவிட்டு, கீழே போய்த்தான் ஏறுவார். அவர் ஒருநாளும் விழாததற்கு அந்த ஓட்டைப் பிரேக்தான் காரணம் என்பது பிறகுதான் புரிந்தது.

மகள் சுவேதா பதினோராம் வகுப்புக்குப் போனபோது அரசு சைக்கிள் கொடுத்தது. கொல்லைமேட்டில் அந்த ஆண்டு ஐந்தாறு பெண்களுக்குக் கிடைத்தது. கூட்டமாகச் சிரித்துக்கொண்டு மலைப்பாதையில் இறங்குவார்கள். புது பிரேக், நல்ல பிடிப்பு. யாரும் வளைவில் இறங்கித் தள்ளவில்லை.

ஒரு காலையில் சுவேதா விழுந்தாள். சரளையில் பின்சக்கரம் இழுத்துப் பள்ளத்தின் விளிம்பில் போய்க் கிடந்தாள். இன்னும் ஒரு முழம் போயிருந்தால் உள்ளே. காறை எலும்பு முறிந்து தோள் தொங்கியது. ஓடி வந்தவர்கள் தூக்குவதற்கு முன்பு ஒரு கேள்வி கேட்டார்கள். பதினாறு வயதுப் பெண், வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள். நடுச்சாலையில், ஆண்கள் சூழ நிற்க, அவளிடம் கேட்டார்கள்: "தூரமா இருக்கியா?"

அவள் அழுதாள். அழுகையைப் பதிலாக எடுத்துக்கொண்டார்கள். மாதவிலக்கோடு வந்ததால் முனி தள்ளிவிட்டார் என்றார்கள்.

அன்று சாயங்காலமே ஊர் கூடியது. முனி எல்லையில் இனி வயசுப் பெண்கள் சைக்கிளில் போகக் கூடாது. ஆற்றங்கரையில் சுற்றிப் போகட்டும், முடியாதவர்கள் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கட்டும். முடிவைச் சொன்னவர் கலியமூர்த்தி. ஊர்ப் பெரியவர், வைத்திலிங்கத்துக்கு அண்ணன். அமராவதிக்கு மாமா முறை.

ஆற்றங்கரையில் சில நாள் போய்ப் பார்த்தார்கள் மற்ற பெண்கள். நேரம் தவறியது, பள்ளியில் திட்டு, லாரிக்காரன்களின் கேலி. ஒவ்வொருத்தியாக நின்றாள். சைக்கிள்கள் நிற்கவில்லை. ஒன்றில் அண்ணன் ஏறினான், ஒன்றில் அப்பா முந்திரிக்கொட்டை மூட்டை கட்டினார். சுவேதாவின் சைக்கிளைக் கலியமூர்த்தியே எடுத்துக்கொண்டார். கைக்குக் கட்டுப்போட்ட பெண்ணுக்கு எதற்கு என்றார். முறுக்கு மீசையும் பெண்கள் சைக்கிளும் இரண்டு பக்கமும் பால் கேனுமாக அவர் தினமும் மலைப்பாதையில் இறங்குவதை ஊரே பார்த்தது. முனி தள்ளிவிட்டதாகச் சொன்ன சைக்கிள் அதுதான். அதில் பால் போகலாம், அந்தப் பெண் மட்டும் போகக் கூடாது.

கட்டு பிரிக்க இன்னும் நாளிருந்தது. சுவேதா சுவரைப் பார்த்துப் படுத்தபடி சொன்னாள்: "நான் படிக்கலம்மா. வுட்டுடு. அவுங்க மூஞ்சில முழிக்க முடியாது."

அந்த வார்த்தைதான் அமராவதியைக் கிளப்பியது. பக்கத்தில் உட்கார்ந்து, திட்டாமல், விழுந்ததைத் துண்டு துண்டாகக் கேட்டார்.

"வளைவுல எந்தக் கையால பிரேக்கு புடிச்ச?"

"எடது கை."

"வலது கை இன்னா பண்ணுது?"

"சாமி கும்புட்டுச்சு. நெத்தி, வாயி, நெஞ்சு. நீதான சொல்லிக் குடுத்த."

சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வலது கையில் இருப்பது முன்சக்கரத்தின் பிரேக். இறக்கத்தில் வண்டியின் பாரம் முழுக்க முன்னால் சாயும்போது நிறுத்துவது அதுதான். அதை விட்டுவிட்டுப் பின்பிரேக்கை மட்டும் அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு சரளையில் வழுக்கும். திருப்பவும் ஒரே கைதான் மிச்சம். சாலையிலேயே மோசமான இடத்தில், மோசமான நொடியில், ஒரு ஊரே சேர்ந்து வலது கையை எடுக்கிறது.

அடுத்த நாள் அமராவதி வளைவுக்குப் போய் வேப்பமரத்துக்கு எதிரே நின்றார். மொபெட், சைக்கிள், முந்திரிக்கொட்டை மூட்டையோடு ஒரு முதியவர். முனியின் கண் தெரிகிற இடம் வந்ததும் எல்லார் கையும் எழுந்தது. எழுந்த அதே இடத்தில் முன்சக்கரம் ஆடியது. ஒருவர் விழப் பார்த்துக் காலை ஊன்றித் தப்பினார். தப்பியதற்கு இன்னொரு முறை கும்பிட்டார்.

பிறகு ஜமாலுதீன் வந்தார். ரஸ்க்கும் வர்க்கியும் பெட்டியில் கட்டிக்கொண்டு மலைமேல் ஊர்களில் விற்கிறவர். பழைய சைக்கிள், பின்னால் பெரிய தகரப்பெட்டி. இரண்டு கையாலும் பிரேக்கைப் பிடித்தபடி முக்கி முனகி இறங்கிப் போனார். அவர் வழுக்கி ஊரில் யாரும் பார்த்ததில்லை.

கோயில் முன்னால் ஊர் கூடியபோது அமராவதி எழுந்து நின்று இதைச் சொன்னார். கலியமூர்த்தி சிரித்தார்.

"இன்னா அமராவதி, முனிக்கே பாடம் எடுக்க வந்துட்டியா?"

"முனிக்கு இல்ல மாமா. நம்ம கைக்கு. ஜமாலு பாய் தெனமும் எறங்குறாரு. ஒரு நாளு விழுந்தாரா?"

"அவரு வேற சாமி. முனி அவுங்க வழிக்குப் போவாது."

ரஸ்க் பெட்டியோடு ஓரமாக நின்ற ஜமாலுதீன் சும்மா இருக்கவில்லை. "அப்ப அந்தச் சரளைக் கல்லெல்லாம் எங்க ஜமாத்துல சேந்துடுச்சா மச்சான்? சொல்லவே இல்லியே."

கூட்டத்தில் பலர் சிரித்துவிட்டார்கள். கலியமூர்த்திக்கு அது பொறுக்கவில்லை. எழுந்து வந்து அமராவதியின் முன்னால் நின்றார்.

"பேச்சு ஜாஸ்தியாப் போச்சு. நீ எறங்கு. கும்புடாம எறங்கிக் காட்டு. எந்தம்பிக்குப் பதில் சொல்ல என்னால முடியாது, அத இப்பவே சொல்லிடறேன்."

"எறங்குறேன். எம்மவ விழுந்த சைக்கிள்லயே எறங்குறேன். விழுந்துட்டா நீங்க சொன்ன மாதிரி பொண்ணுங்க சுத்தியே போவட்டும். விழலன்னா எல்லாம் இந்த வழியாப் போவும். சரியா?"

சரி என்றார்கள். செய்தி தெரிந்து வைத்திலிங்கம் பாலக்காட்டிலிருந்து போன் செய்தார். ஊரோடு ஒத்துப் போகச் சொன்னார். "ஊரு பள்ளத்துல வுழுந்தா நானும் வுழணுமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார் அமராவதி.

அப்படிப் பேசியவருக்குப் பயம் இல்லை என்று நினைக்க வேண்டாம். பின்னாளில் அவரே சொன்னார்: "முனி மேல பயம் இல்லன்னு யாரு சொன்னது? கை எடுக்கறதுதான் காரணம்னு புத்திக்குத் தெரியுது. ஒடம்புக்குத் தெரியலியே."

வெள்ளிக்கிழமை காலை. மேலே முந்திரித் தோப்பு ஓரம் பெண்கள். வளைவில் ஆண்கள். பூசாரி அய்யனார் கற்பூரத்தட்டோடு மரத்தடியில். கட்டுப்போட்ட கையோடு சுவேதா வந்து, "வேணாம்மா, எனக்காக வேணாம்" என்று முந்தானையைப் பிடித்தாள். அமராவதி அவள் விரல்களைப் பிரித்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகினார். கலியமூர்த்தி பால் கேன்களை அவிழ்த்துவிட்டுச் சாவியை நீட்டினார்.

சமதரையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். பிரேக் பிடித்தது. ஏறி மிதித்தார்.

சரிவில் முன்சக்கரம் விழுந்ததும்தான் தெரிந்தது. கேன் சுமந்து சுமந்து பிரேக் கட்டை தேய்ந்து கிடந்தது. அழுத்தினால் பிடிக்கிறது, ஆனால் முழு பலத்தையும் கேட்கிறது. விரல் கொஞ்சம் தளர்ந்தால் வண்டி பாய்கிறது. இனி நிறுத்த முடியாது. குதித்தால் பள்ளம். காற்று காதை அடைத்தது. மேலே யாரோ கத்தினார்கள். இரண்டு கையும் வெளுத்துப் போகிற அளவுக்கு இறுக்கியபடி வளைவுக்குள் போனார்.

வெள்ளைக் கண் தெரிந்தது.

வலது கை எழுந்தது. அவர் எழுப்பவில்லை, அதுவாக எழுந்தது. பதினேழு வருடப் பழக்கம். இரண்டு விரல் பிரேக்கை விட்டன. முன்சக்கரம் பள்ளத்தின் பக்கம் இழுத்தது. மரத்தடியில் நின்ற ஆண்கள் அப்படியே பின்னால் நகர்ந்தார்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது அமராவதி, தொண்டை கிழியக் கத்தினார்:

"முனியப்பா! ரெண்டு கையிலயும் வேல இருக்கு! எறங்கிட்டு வந்து கும்புடுறேன்!"

விரல்கள் மறுபடி பிரேக்கில் விழுந்தன. சரளை சிதறியது. பின்சக்கரம் ஒரு சாண் வழுக்கி நின்றது, திரும்பியது, வளைவு முடிந்தது. பாலத்தின் முகப்பு வரை போய் ஒரு காலை ஊன்றி நின்றார்.  

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் திரும்ப ஏறி வந்தார். வேப்பமரத்தடியில் ஸ்டாண்டு போட்டார். இரண்டு கையையும் குவித்து, நிதானமாக, சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

எங்கள் தோழர் ஒருவருக்கு இந்தக் கும்பிடு பிடிக்கவில்லை. கும்பிடாமலே போயிருந்தால் வெற்றி முழுமையாக இருந்திருக்கும் என்றார். தோழருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

கலியமூர்த்தி தொண்டையைச் செருமினார். "ஏதோ ஒரு தடவ வுட்டுட்டாரு. எல்லா நாளும் வுடுவாரா?"

பதில் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பூசாரி அய்யனார் தட்டை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "நின்னு கும்புட்டா சாமிக்கு மரியாதை ஜாஸ்திதான? ஓடுற ஓட்டத்துல ஒத்தக் கையால தொட்டுட்டுப் போறது இன்னா கும்புடு? அத முனி எங்க கேட்டாரு?"

நிற்கிறவர்கள் தட்டில் காசும் போடுவார்கள் என்பது அய்யனாருக்குத் தெரியும். அவர் நியாயம் அவருக்கு. ஆனால் கேட்டுக்கொண்டிருந்த ஆண்களின் தலைகள் ஆடத் தொடங்கியதை நான் குறை சொல்ல மாட்டேன். சில நாட்களில் மேலே, சரிவு தொடங்கும் முன்பே, ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசி, கும்பிடுகிறவர்கள் இங்கேயே கும்பிட்டுவிட்டு இறங்குங்கள் என்று வைத்துவிட்டார்கள். அதன் பிறகு விபத்து குறைந்தது. அதையும் முனியின் அருள் என்கிறார்கள். சொல்லட்டும்.

ஆனால் அந்தக் காலையில் விஷயம் அங்கே முடியவில்லை. கூட்டம் கலையும்போது கலியமூர்த்தி கையை நீட்டினார்.

"சாவியக் குடு. பாலுக்கு நேரமாச்சு."

அமராவதி சாவியை முந்தானையில் முடிந்துகொண்டிருந்தார். "இது சுவேதா சைக்கிளு மாமா."

"கை ஒடஞ்ச பொண்ணு இன்னாத்த ஓட்டப் போவுது?"

"எலும்பு கூடுற வரைக்கும் வூட்டுல நிக்கட்டும். உங்க தம்பி சைக்கிளு இருக்குது, பாலுக்கு அத எடுத்துக்குங்க. பிரேக்கு மட்டும் பாத்து மாத்திக்குங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கலியமூர்த்தியின் முகம் கறுத்தது. நீட்டிய கையை மடக்கவில்லை. "ஊருக்கு முன்னால என்ன அசிங்கப்படுத்துற நீ."

"பொண்ணுங்க ஓட்டக் கூடாதுன்னு முனி சொன்னாருன்னீங்க. இப்ப முனி ஒண்ணும் சொல்லல. இப்ப யாரு சொல்றதுன்னு நீங்களே ஊருக்கு முன்னால சொல்லுங்க மாமா."

கலியமூர்த்தி நீட்டிய கையால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அதன் பிறகு அமராவதியின் வீட்டு விசேஷம் எதற்கும் அவர் வரவில்லை. அமராவதி கூப்பிடாமலும் இருக்கவில்லை.

கட்டு பிரித்த பிறகு சுவேதா மலைப்பாதையில் இறங்கினாள். முதல் சில நாள் அழுதுகொண்டே இறங்கினாள் என்றார் அமராவதி. பிறகு அழவில்லை. பன்னிரண்டாம் வகுப்பை முடித்தாள். இந்த 2012இல் சிதம்பரத்தில் படிக்கிறாள். விடுமுறைக்கு வரும்போது அதே சைக்கிளில் கெடிலக் கரையோடு வெறுமனே சுற்றிவிட்டு வருகிறாளாம். அந்தக் கொக்கையும் நாணலையும் பார்க்க இப்போதுதான் அவளுக்கு நேரம் கிடைத்திருக்கிறது.

மற்ற பெண்களுடைய சாவிகள் அவ்வளவு சுலபமாக வரவில்லை. தடை போன பிறகும் வரவில்லை. அமராவதி வீடு வீடாகப் போய் நின்றார். மூன்று வீட்டில் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் அண்ணன் சைக்கிளை அண்ணாகிராமத்துப் பலாப்பழ மண்டிக்கு வேலைக்குப் போகும்போது கொண்டுபோய்விட்டான், சைக்கிள் திரும்பி வரவேயில்லை. அந்த வீட்டுப் பெண், ஞானாம்பாள் என்பவரின் மகள், இன்னொரு சைக்கிள் கிடைக்குமா என்று ஒரு வருடம் காத்திருந்தாள். பிறகு கல்யாணம் செய்துவிட்டார்கள். அந்தப் பெண் மலைப்பாதையில் விழவில்லை. அவளை நிறுத்தியது எந்த முனியும் இல்லை.

உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ, பள்ளிக்கூடம் போக ஒரு பெண்ணுக்கென்று கிடைத்த சைக்கிள் இருக்கும். அது இப்போது எங்கே நிற்கிறது, அதன் மேல் யார் மூட்டை இருக்கிறது என்று எழுந்து போய்ப் பாருங்கள். அவள் கையில் இல்லையென்றால், எடுத்தவர் அப்பாவோ அண்ணனோ ஊர்ப் பெரியவரோ, போய்க் கேளுங்கள். கொடுக்கிற வரைக்கும் அங்கேயே நில்லுங்கள். வாங்கி அவளிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.